குழாயைத் திறந்துவிட்டுப் பேசியவர்கள்

தமாரா அர்க்காதியெவ்னா முக்கியமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிடுவார். உலகம்மை பின்னாலேயே போய் அதை மூடுவாள். அவர் மறுபடியும் திறப்பார். பெரிய பெரிய விஞ்ஞானக் கூட்டணிகளெல்லாம் எப்படியெப்படியோ ஆரம்பித்திருக்கின்றன. இது இப்படித்தான் ஆரம்பித்தது.

உலகம்மையைக் குற்றம் சொல்ல முடியாது. அம்பாசமுத்திரத்துக்காரி. தாமிரபரணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டும் தெருக்குழாயில் குடத்தை வரிசை போட்டு வளர்ந்தவள். தண்ணீர் வீணாக ஓடுகிற சத்தம் கேட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தமாராவையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் வளர்ந்த காலத்து ரஷ்யாவில் சுவருக்கும் காது உண்டு என்பதை யாரும் வெறும் பழமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசில் பட்டதைப் பேச வேண்டுமென்றால் ஜனங்கள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் பேசுவார்கள். காலம் மாறிவிட்டது, ஆட்சிகள் மாறிவிட்டன, அவர் கை மட்டும் இன்னும் குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

இடம், சைபீரியாவில் பிர்ச் மரக்காட்டுக்கு நடுவே அறிவியலுக்கென்றே கட்டப்பட்ட ஒரு நகரம். தமாரா எழுபதைத் தாண்டியவர், பாய்மங்களின் கணிதத்தில் உலகம் மதிக்கும் பெயர். பாய்மம் என்றால் பாய்கிற எதுவும்: தண்ணீர், காற்று, எண்ணெய், ரத்தம், வெல்லப்பாகு. ஆற்றுப் பனிக்கட்டி எங்கே உடையும், கப்பலின் அடிவயிறு ஏன் அதிர்கிறது, இதய வால்வில் ரத்தம் எப்படிச் சுழல்கிறது என்றெல்லாம் தாளிலேயே சொல்லிவிடுவார். வாங்கிய பதக்கங்களைக் காலுறைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். முட்டை வேக வைக்க மட்டும் தெரியாது.

உலகம்மைக்கு நாற்பத்தைந்து. அதிர்வுமானிகள் செய்வதில் கைதேர்ந்தவள். மேஜையில் கொசு வந்து உட்கார்ந்தால் மேஜை எவ்வளவு நடுங்கியது என்று சொல்லும் கருவி அவளுடையது. அந்த ஊர் நாக்கு அவள் பெயரை ஓல்கா ஆக்கிவிட்டது. பதிலுக்கு அவள் கணவர் சிவனணைந்தபெருமாள், தமாராவைத் தாமரையம்மா ஆக்கிவிட்டார். கணக்கு நேராகிவிட்டது.

"மூடாதே ஓல்கா. நான் எதுக்காகக் கணக்குப் படிச்சேன்னு சொல்லப் போறேன்," என்றார் தமாரா ஒருநாள் தன் சமையலறையில். (பேசிக்கொண்டது ரஷ்ய மொழியில். நமக்குத் தமிழ் போதும்.)

உலகம்மை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒன்பது வயசு. வோல்கா கரையில ஒரு ஊர். ஒரே வீட்டுக்குள்ள நாலு குடும்பம். எங்களுக்கு ஒரு அறை, சமையலறை எல்லாருக்கும் பொது. சாயங்காலம் மத்தவங்க சமைச்சு முடிச்சதும் அப்பாவும் அம்மாவும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. குழாயைத் திறப்பாங்க. ரொம்ப நேரம் பேசுவாங்க. நான் வெளியில நின்னு அழுவேன். எனக்குத் தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்கும்."

"அரசியலா?"

"தெரியாது. அப்பா படகுக்கு வரைபடம் போடறவர், அம்மா நூலகத்துல வேலை. ரெண்டு பேரும் அளந்து பேசறவங்க. சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அந்தக் குளிர்காலம் பூரா அப்படிப் பேசினாங்க. வசந்தம் வந்ததும் என்னை மூட்டை கட்டி, மலைப்பக்கம் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம்."

"எதுக்கு?"

"அந்த வருஷம் நான் கணக்குல ஃபெயில்."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமாரா சிரிக்கவில்லை. எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தார். உள்ளே வெளிர்மஞ்சளாக, கல்லாக உறைந்த தேன். வாயில் மெழுகு வைத்து அடைத்திருந்தது.

"அந்த இலையுதிர் காலத்துல சித்தி கொண்டுவந்த தேன். குழாய்க்கு நேர் மேல் தட்டுல இருந்துச்சு. என் கல்யாணத்துக்குன்னு அம்மா அடைச்சு வச்சாங்க. கல்யாணமும் நடக்கல, தேனையும் திறக்கல. அப்பா சீக்கிரமே போயிட்டார். அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். 'சும்மா பேசிக்கிட்டிருந்தோம்'னு ஒரே பதில். பிள்ளையை வேண்டாம்னு முடிவு பண்றதைச் சும்மா பேசறதுன்னு சொல்வாங்களா ஓல்கா?"

"அதுக்கும் தேனுக்கும் என்ன சம்பந்தம்?"

"தேன் எப்படி உறையும்? அடியிலேருந்து மெல்ல மெல்ல, ஏடு ஏடா. ஒவ்வொரு ஏடும் உறையற நேரத்துல பக்கத்துல யாராவது பேசினா, அந்த நடுக்கம் அந்த ஏட்டுலயே தங்கிடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. உன் கருவிக்குத் தெரியும். அந்த நடுக்கத்தைத் திரும்பப் பேச்சா மாத்தற சமன்பாடு என்கிட்ட இருக்கு. இத்தனை வருஷமா நான் கப்பலுக்கும் ஆத்துக்கும் கணக்குப் போட்டது மத்தவங்களுக்காக. எனக்காகப் போட்டது இது ஒண்ணுதான்."

உலகம்மை தண்ணீர் ஓடுவதையே மறந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேனில் கை வைப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேறு ஏதாவது வேண்டும். மெல்ல உறைவதாக இருக்க வேண்டும், பேச்சு நடக்கிற இடத்தில் இருந்திருக்க வேண்டும். உலகம்மை யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமையலறை ஜன்னலோரம் கட்டியாக உறைந்து நின்ற தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தாள். குளிர்கால விடியலில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்கிற எந்த நாஞ்சில் நாட்டு, நெல்லை நாட்டுப் பெண்ணுக்கும் தோன்றுகிற யோசனைதான். அந்த எண்ணெய் எந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உறைந்தது என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அவள் சமையலறையில்தான் குழாய் ஒருநாளும் வீணாக ஓடியதில்லையே.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூடி நின்றார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு பளிங்குபோலத் தெளிவாக அவள் கணவரின் குரல், ஊரிலிருக்கும் அக்காவோடு போனில்:

"இல்லக்கா, அவகிட்ட சொல்லிராத. இந்தக் குளிரு எனக்கு ஒத்துக்கிடல. மூக்கு எங்கிட்ட இருக்கா போயிட்டான்னே தெரியமாட்டேங்கு. மனுசன் இருப்பானா இங்க? ஊருக்கு வந்துரணும்னு கெடக்கு. சொன்னா, பாவம், வேலையப் போட்டுட்டு பின்னாலயே வந்துருவா. அதான் இளிச்சிக்கிட்டே இருக்கேன்..."

ஆய்வுக்கூடம் கைதட்டியது. யாரோ தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். தமாரா உலகம்மையைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "என்ன சொல்றார், என்ன சொல்றார்?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"ஊர்ல வெங்காயம் விலை ஏறிடுச்சாம்," என்றாள் உலகம்மை.

எல்லோருக்கும் பரம சந்தோஷம். அவளுக்கு மட்டும் கைதட்ட வரவில்லை. ஊரில் வங்கி வேலையை விட்டுவிட்டு அவளுக்காக வந்தவர் அவர். வியாழக்கிழமை தோறும் நிறுவன உணவகத்தில் தோசை வார்த்து, பேராசிரியர்களை வரிசையில் நிற்க வைத்துச் சிரித்துக்கொண்டே இருப்பவர். அந்தச் சிரிப்புக்கு அடியில் இது இருந்ததா?

வீட்டில் அவர் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஊருக்குப் போயிருவமா?"

"என்னத்துக்குத் திடீர்னு?"

"உங்களுக்குக் குளிரு ஒத்துக்கிடலல்லா."

கரண்டி நின்றது. "யாரு சொன்னா?"

"எண்ணெ."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"ஏட்டி உலகு, ஒருதடவ கேட்ட, சரி, தெரியாம நடந்துட்டு. அப்புறமும் போட்டுக் கேட்டியா?"

கேட்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள்.

"அக்காட்ட பொலம்புனது அக்காட்ட பொலம்புனது," என்றார் அவர். "அதுக்கெல்லாம் சாட்சி வச்சா குடும்பம் நடக்குமாட்டி? அவ தும்மலுன்னா நான் ரெண்டு தும்மலு கூடப் போட்டுச் சொல்லுவேன். அக்கா தம்பி பேச்சுன்னா அப்படித்தான். முந்தின வாரம் அவகிட்டயே இந்த ஊரு சொர்க்கம்னு சொன்னேன். அது எந்த எண்ணெயில இருக்கு, எடுத்துட்டு வா பாப்பம்."

"அப்ப பொய்யா சொன்னீய?"

"பொய்யும் இல்ல. சொன்ன நேரத்துக்கு அது நெசம். அத நீ ஒறைய வச்சுட்டு வந்து கேட்டா நான் என்ன செய்ய?"

அதன் பிறகு அவர் சமையலறையில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். அக்காவோடு பேச வேண்டுமென்றால் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மாடிப்படிக்குப் போய் நின்று பேசிவிட்டு, மூக்கு சிவந்து திரும்பி வருவார். அதைப் பார்க்கப் பார்க்க உலகம்மைக்குச் சோறு இறங்கவில்லை.

செய்தி நகரத்தில் பரவியது. உறைகிற எதுவும் ஒட்டுக் கேட்கும் என்று தெரிந்ததும் அந்த அறிவாளிகள் நகரம் பட்ட பாடு சொல்லி மாளாது. வெண்ணெய், பழப்பாகு, பன்றிக்கொழுப்பு எல்லாம் சந்தேக வளையத்துக்குள் வந்தன. கிண்டிவிட்டால் பதிவு அழிந்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரி கரண்டியோடு போய் ஜாடி ஜாடியாகக் கிண்டிவிட்டு வந்து, "ம், இப்ப சொல்லுங்க," என்பது மரியாதையாகிவிட்டது. கிண்டாமல் வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டில் என்னமோ விவகாரம் என்று அர்த்தம். என்ன குளிரிலும் உறையாத சூரியகாந்தி எண்ணெய் விற்றவன் இரண்டாவது கடை திறந்தான். ஒரு வேதியியல் பேராசிரியரின் மனைவி அரைக் கிலோ வெண்ணெயோடு வக்கீல் வீட்டுக்குப் போனதாகக்கூடப் பேச்சு.

சிரிக்கிற விஷயம்தான், கிளெப் ரொமானவிச் வந்து சேரும் வரை. தலைநகரத்தில் ஏதோ ஒரு துறை. பெயர் நீளம், வேலை என்னவென்று மட்டும் யாருக்கும் தெரியாது. நல்ல மனிதர்தான், பணிவாகப் பேசினார், தோசையில் இரண்டு கூடவே சாப்பிட்டார்.

"அற்புதம்," என்றார் தமாராவிடம். "ஒரே ஒரு குறைதான். புத்திசாலிகள் கிண்ட மாட்டாங்க. குழாயைத்தான் திறப்பாங்க. அந்த இரைச்சலைக் கழிச்சுட்டுப் பேச்சை மட்டும் எடுக்க முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன். ஆனா அதுக்கு ரொம்பப் பெரிய கணினி வேணும்."

"எங்ககிட்ட இருக்கு. முதல் சோதனையா உங்க தேன் ஜாடியையே வச்சுக்கலாம். எல்லாருக்கும் முன்னால செஞ்சு காட்டணும். அவ்வளவுதான்."

அவர் போனதும் உலகம்மை பொரிந்து தள்ளினாள். "வேண்டாம் தமாரா அர்க்காதியெவ்னா. உங்க அப்பாவும் அம்மாவும் நம்பிப் பேசின ஒரே இடம் அந்தத் தண்ணிச் சத்தம்தான். அதை அவங்க பொண்ணே உடைச்சுக் கொடுத்தா, இனிமே உலகத்துல ஒருத்தருக்கும் ஒளிஞ்சு பேச இடம் இருக்காது. என் வீட்டுக்காரர் மாடிப்படியில நிக்கிறார். நாளைக்கு அதுவும் இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் பிள்ளையா இருந்தது யாருக்கும் பாரமா இருந்துச்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும், ஓல்கா. அதைத் தெரிஞ்சுக்காம சாக மாட்டேன். என்னைக் கெட்டவள்னு வேணும்னா சொல்லிக்கோ." உலகம்மைக்கு மேலே சண்டை போட மனசு வரவில்லை.

கிளெப் வருவதற்கு முன்பு ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். இரைச்சலுக்குள் தேடுவதற்குக் கணினிக்கு ஒரு பிடிமானம் வேண்டும். என்ன மாதிரிப் பேச்சாக இருக்கும் என்று ஓர் ஊகத்தை முதலில் கொடுக்க வேண்டும். பிறகு அது தானாகவே திருத்தித் திருத்திச் சரியான பேச்சுக்குப் போய்ச் சேரும். தமாரா தனக்கு நினைவிருந்ததைக் கொடுத்தார்: கணக்கில் ஃபெயில், சித்தி வீடு.

ஒலிபெருக்கியில் தண்ணீர் இரைந்தது. இரைச்சல் மெல்ல வடிந்தது. ஒரு பெண் குரல் வந்தது. தமாரா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மா.

"அனுப்பிடலாம். கழித்தல்கூட வரல அதுக்கு. நம்மால முடியாது."

"ஆமா," என்றது ஆண் குரல். "அவ இல்லாட்டி நிம்மதி."

தமாரா டீ கேட்டார். கொண்டு வந்து வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வீட்டுக்குப் போனார். அத்தனை உயரமான அம்மாள் அன்றைக்குப் பனியில் நடந்து போகும்போது சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்ற உலகம்மைக்கு அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

உடைக்கவில்லை. யோசித்தாள். என்னமோ இடித்தது. எண்ணெயில் கேட்டது அவளைத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அவள் அதைக் கனவிலும் நினைத்திருக்கவில்லை. தேனில் கேட்டதோ தமாரா இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்ததே, வார்த்தை பிசகாமல். அடுத்தவர் பேச்சு என்றைக்காவது நாம் நினைத்த மாதிரியே இருந்திருக்கிறதா? கட்டிய கணவன் பேச்சே இல்லையே!

மறுநாள் காலையில் தனியாகப் போய்க் கணினியில் உட்கார்ந்தாள். தமாரா கொடுத்த ஊகத்தை அழித்தாள். அந்த இடத்தில் தன் கணவரின் புலம்பலை ரஷ்ய மொழியில் எழுதிக் கொடுத்தாள். கணினி உறுமியது, திருத்தியது, பேசியது. தமாராவின் அப்பா அதே குரலில், குளிரில் தன் மூக்கு காணாமல் போய்விட்டது என்றும் மனுஷன் இருக்கிற ஊரா இது என்றும் அழுத்தம் திருத்தமாக அம்மாவிடம் சொன்னார்.

உலகம்மை விடவில்லை. அடுத்து, ரசம் வைக்கிற பக்குவத்தைக் கொடுத்தாள்.

தமாரா உள்ளே நுழைந்தபோது, அறுபது வருஷத்துக்கு முந்தைய வோல்கா கரைச் சமையலறையில் அவருடைய அம்மா அப்பாவிடம், "மிளகும் சீரகமும் ஒண்ணும் பாதியுமா தட்டிப் போடணும், நுரை கூடினதும் இறக்கிடணும், கொதிக்க விட்டா கெட்டுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றார் தமாரா.

"ரசம்."

"எங்கம்மாவுக்கு ரசம்னா என்னன்னே தெரியாதே!"

"நேத்துக் கேட்ட பேச்சும் அவங்களுக்குத் தெரியாது," என்றாள் உலகம்மை. "ரசமும் அந்தப் பேச்சும் ஒரே அளவுக்குத் தேனோட பொருந்துது. பிழை இருக்கான்னு பார்த்துட்டேன். ரெண்டுலயும் இல்ல."

தமாராவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று உலகம்மை பதறி எழுந்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கரும்பலகைக்குப் போனவர், சாப்பாட்டுக்குக்கூடத் திரும்பவில்லை. உலகம்மை ஒவ்வொரு வரியையும் மறுத்துப் பார்த்தாள். மறுத்த இடமெல்லாம் நிரூபணம் இன்னும் கெட்டியாகிக்கொண்டு போனது.

"விடை இல்லாம இல்ல ஓல்கா," என்றார் கடைசியில் கையெல்லாம் சுண்ணாம்பாக. "விடை ஒண்ணு மட்டும் இல்ல. ஓடற தண்ணி அவ்வளவு குழப்பம். அதுக்குள்ள எந்தப் பேச்சை வேணாலும் ஒளிச்சு வைக்கலாம். நாம என்ன தேடறோமோ அதுவே கிடைக்கும். பயந்து தேடினா பயம், ரசம் தேடினா ரசம். எவ்வளவு பெரிய கணினி கொண்டுவந்தாலும் இதுதான். நிரூபிச்சாச்சு."

"அப்ப உங்க அப்பா அம்மா என்ன பேசினாங்கன்னு..."

"ஒருநாளும் தெரியாது." சொல்லிவிட்டு ஜாடியைத் தடவிக் கொடுத்தார். வருத்தம் இருந்தது. பெருமையும் இருந்தது. "கெட்டிக்காரங்க. சரியான இடத்தைத்தான் நம்பியிருக்காங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் உலகம்மை கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். தான் திரும்பத் திரும்பக் கேட்டது தப்பு என்றும் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறையிலேயே நின்று, தானாகவே சொன்னார்: "குளிரு ஒத்துக்கிடலதான். மார்கழியும் தையும் ஊர்ல இருந்துட்டு வாரேன். மத்த மாசமெல்லாம் இங்கதான். போதுமா?" போதும் என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

செய்து காட்டும் நாள் வந்தது. கிளெப் ரொமானவிச் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஊகத்தை அவரையே கொடுக்கச் சொன்னார் தமாரா. அவர் தயங்காமல் கொடுத்தார். கணினி பேசியது: படகு வரைகிறவரும் நூலகக்காரியும் அணையைத் தகர்க்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்தது," என்றார் தமாரா. மிளகு, சீரகம், நுரை.

அவர் விளக்கி முடித்தபோது அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. கிளெப் சிரிக்கவில்லை. "அப்ப குழாயைத் திறந்துட்டா, இந்த ஜாடியை வச்சு ஒண்ணுமே தெரிஞ்சுக்க முடியாதா?"

"முடியாது," என்றார் தமாரா.

"ஒண்ணு முடியும்," என்று எழுந்தாள் உலகம்மை.

தமாரா திடுக்கிட்டுத் திரும்பினார். இதை அவளும் அன்று காலையில்தான் பார்த்திருந்தாள். தமாராவிடம் சொல்ல வாய் வராமல் எடுத்து வைத்திருந்தாள்.

"எந்த ஊகம் கொடுத்தாலும் வார்த்தை மாறுது. மாறாதது ஒண்ணு இருக்கு," என்றாள். "பேச்சு சின்ன நடுக்கம், தண்ணியில கரைஞ்சிடும். ஆனா வயிறு குலுங்கச் சிரிச்சா மேஜை ஆடும், தரை ஆடும், தட்டு ஆடும். தண்ணியால அப்படி ஆட்ட முடியாது. அதனால அது மட்டும் தப்பிச்சு நிக்குது. கேளுங்க."

ஒலிபெருக்கியில் வார்த்தை எதுவும் வரவில்லை. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் பீறிட்ட ஒரு பெண்ணின் சிரிப்பு. இருமல்போல ஆரம்பித்து மேஜையைத் தட்டுகிற ஓர் ஆணின் சிரிப்பு. ஒரு நாள் ஏட்டில் மட்டும் இல்லை. அந்தக் குளிர்காலத்தின் ஏடு ஏடாக, சாயங்காலம் சாயங்காலமாக, இருவரும் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தமாரா வாயைப் பொத்திக்கொண்டார். "அவங்களா? அவங்க சிரிப்பாங்களா?"

"பொறுங்க. இன்னும் இருக்கு."

இருவர் சிரிப்புக்கும் பின்னால், மெலிதாக, இன்னொன்று கேட்டது. கீச்சென்ற சின்னச் சிரிப்பு. தாழ்வாரத்துப் பலகை அதிரக் குதிக்கிற குதிகால் சத்தம். ஒவ்வொரு சாயங்காலமும், உள்ளே இருப்பவர்கள் ஆரம்பித்த பிறகே அது ஆரம்பித்தது.

கிளெப் எழுந்தே விட்டார். "மூணாவது ஆள்! கதவுக்கு வெளியில! ஒட்டுக் கேக்கற ஆள் யாரு?"

தமாராவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"நான்தான்," என்றார். பிறகு உலகம்மையைப் பார்த்து, நம்ப முடியாதவராக, "ஓல்கா, நான் அழுதுக்கிட்டு நின்னேன்னுதானே இத்தனை வருஷமா..." என்றார்.

"அவங்க சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார் கிளெப் விடாமல்.

"ஒரு வார்த்தைகூடக் கேக்கல."

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

தமாரா ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார். ஒலிபெருக்கியில் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை மறுபடியும் சிரிக்க ஆரம்பித்திருந்தது.

"உள்ள அவங்க சிரிச்சாங்க," என்றார். "எனக்கு அது போதும்னு இருந்திருக்கு."